ஒரு சாண் பலகை

என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. ஐம்பதைத் தாண்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நம்மில் எத்தனை பேரை வீட்டில் பாராட்டி வளர்த்தார்கள்? என் மகள் தன் பிள்ளை தட்டுச் சோற்றைக் காலி பண்ணினாலே கை தட்டுகிறாள். காலணியைச் சரியான காலில் மாட்டினால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறாள். பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

நம் காலத்துக் கதை வேறு. டுரியான் துங்கால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் நாங்கள் இருந்தோம். யாராவது என் தலையைத் தடவி, பொண்ணு நல்லாப் படிக்குதாமே என்று கேட்டால் போதும், அம்மா பதறிப்போவார். "இதுவா? இதுக்கு ஒரு மண்ணும் மண்டையில ஏறாது. ஏதோ போயிட்டு வருது" என்பார். கூடவே என்னை முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பிவிடுவார்.

கண்ணேறுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. நல்லதை வெளியில் சொன்னால் அது நிலைக்காது என்பது நம் ஆட்களின் கணக்கு. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பிள்ளையை மட்டம் தட்ட வேண்டும். பெரியவர்களுக்குள் இது ஒரு நாடகம். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் விஷயம் தெரியும். நடுவில் நிற்கிற பிள்ளைக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் அம்மாவை அப்படியே நம்பினேன். நான்காம் வகுப்பில் மூன்றாவதாக வந்தபோது, ஆசிரியர் மார்க்கைக் கூட்டிப் பார்த்ததில்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்தேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒரு மாதம் பயந்துகொண்டே பள்ளிக்குப் போனேன்.

அம்மா தன்னையும் விட்டுவைக்கவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றால் உப்புக் கூடிவிட்டது என்பார். தைத்த சட்டை அழகாக இருக்கிறது என்றால் கழுத்து கோணல் என்பார். பொய்யாகச் சொல்லத் தொடங்கியதுதான். ஆனால் ஒரு பொய்யை முப்பத்தைந்து வயது வரை சொல்லிக்கொண்டே இருந்தால், சொல்கிறவரே அதை நம்பத் தொடங்கிவிடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம் தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த அம்மா மாதிரிப் பெண்களுக்கு வேலை போய்விட்டது. உதிரிப் பழம் பொறுக்கச் சிலரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஜொகூர் பக்கம் லோரி ஓட்டினார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

அந்த வருடத் திருவிழாவில் அன்னதானத்துக்குப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, அம்மா ஏதோ ஒரு குரங்குக் கதை சொல்லி அத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைத்தார். பாயா ரும்புட் பக்கம் பாலர் பள்ளி நடத்தும் ஒரு டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே அம்மாவைக் கூப்பிட்டு, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது உதவிக்கு வர முடியுமா என்று கேட்டார். காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் திறக்க வேண்டும். பள்ளி திறக்கும்வரை வேலையைப் பிடித்து வைப்பதாகவும், அதற்குமேல் முடியாது, வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

அம்மா எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சேலைக் கடையிலும் கையில் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த வேலைக்கு மட்டும் ஆசைப்பட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் குழம்பைக் கிண்டிக்கொண்டே தானாகச் சிரித்தார்.

சிக்கல் ஒன்றுதான். எங்கள் சிம்பாங் முச்சந்தியில் நிற்கும் முதல் பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்குத்தான் அங்கே போய்ச் சேர முடியும். மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். அப்பாவின் பழைய சிவப்பு மோட்டார் வீட்டில் சும்மா நின்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். செம்மண் சடக்குப் பாதையில் அம்மா நன்றாகவே ஓட்டினார். சாலைச் சட்டப் பரீட்சையையும் மலாயில் வாயாலேயே பதில் சொல்லித் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது லைசனுக்கு ஓட்டிக் காட்டுவது.

அதில்தான் அந்தப் பாலம் வருகிறது. மோட்டார் லைசன் எடுத்தவர்களுக்குத் தெரியும். தித்தி என்பார்கள். தரையைவிடக் கொஞ்சம் உயரமாக, நீளமாக, ஒடுக்கமாக ஒரு மேடை. ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டும். நடுவில் காலை ஊன்றினாலோ சக்கரம் இறங்கினாலோ முடிந்தது கதை.

அம்மா முதல் தடவை பாதியில் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சேலையில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே, எனக்கு வராதென்று அப்போதே சொன்னேனே என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குக் கீழே ஏதோ ஒரு நிம்மதியும் இருந்தது. தான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற நிம்மதி. அது எவ்வளவு ஆபத்தான நிம்மதி என்பது எனக்குப் பிற்பாடு என் சொந்த வாழ்க்கையில்தான் விளங்கியது.

சனிக்கிழமை வந்த அப்பா, வராததுக்கு ஏன் கிடந்து சிரமப்படுகிறாய், விட்டுவிடு, நான் ஏதாவது பார்க்கிறேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார், பாவம். அன்பாகச் சொன்னதால்தான் அது ஆழமாக இறங்கியது. அம்மா மோட்டாரின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டார். அடுத்த பரீட்சை டிசம்பர் கடைசியில். அதைவிட்டால் பள்ளி திறந்துவிடும்.

அந்த விடுமுறையில்தான் பள்ளியில் எங்களுக்குத் தன்முனைப்பு முகாம் வைத்தார்கள். அடுத்த வருடம் ஆறாம் வகுப்புப் பரீட்சை, அதற்கு எங்களைத் தயார் பண்ணுகிறார்களாம். டை கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடியும் என்று கத்தச் சொன்னார். கத்தினோம். பத்தவில்லை என்றார். தகரக் கூரை அதிரக் கத்தினோம். பிறகு கண்ணை மூடச் சொல்லி, அம்மா அப்பா படும் கஷ்டத்தை நினைக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவள் அழுதாள், அவள் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அதில் ‘என்னால் முடியும்’ என்று அச்சடித்திருந்தது. காலையும் மாலையும் பத்துத் தடவை சொல்ல வேண்டும்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொன்னேன். அப்படியும் அம்மா காதில் விழுந்துவிட்டது. "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. முன்கூட்டிச் சொன்னா எதுவும் நடக்காது" என்று கதவைத் தட்டினார். மறுநாள் புத்தகப் பையில் அட்டையைக் காணவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு மத்தியானம் அம்மா கிணற்றடிப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாகப் போனேன். சலவைக்கல்லில் துணியை அடிக்கும் சத்தத்துக்கு நடுவே முணுமுணுவென்று ஏதோ கேட்டது. அடிக்கு ஒரு முறை, என்னால் முடியும், என்னால் முடியும். மஞ்சள் அட்டை சோப்புப் பெட்டிக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் திருடிப் பிடிபட்டவர் முகம்போல் ஆகிவிட்டது. சும்மா படித்துப் பார்த்தேன் என்றார். அதுவரை அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய் மோட்டாரின் மேலிருந்த சாக்கை இழுத்துப் போட்டேன்.

தோட்டத்தின் பழைய ரப்பர் பால் ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. அதன் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட முற்றம். புளித்த பால் நாற்றம் அந்தச் சுவரிலிருந்து போகவே இல்லை. இன்று அந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. அங்கே குடியிருப்பவர்களுக்கு மழை நாளில் அந்த வாசனை வருமா என்று கேட்க ஆசை. ஸ்டோரின் ஓரத்தில் கிடந்த பலகைகளில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன். பாலம் எவ்வளவு அகலம் என்று அம்மாவைக் கேட்டபோது ஒரு சாண் இருக்கும் என்றிருந்தார். நான் சாண் போட்டுப் பார்த்து, சரியாக ஒரு சாண் இருந்த பலகையை எடுத்து, இன்னொன்றை அதன் வாலில் சேர்த்து, செங்கல் மேல் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, அன்றைக்குப் பயத்தில் பாலம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்துவிட்டதோ என்னவோ என்றார்.

முதல் மூன்று நாளும் விழுந்ததுதான் மிச்சம். என்னால் முடியும் என்று உரக்கச் சொல்லிவிட்டு ஏறுவார், நாலு அடி போனதும் சக்கரம் இறங்கும். முழங்கையில் தோல் உரிந்து, மஞ்சள் மருந்து போட்டுக்கொண்டு திரும்ப வருவார். விறகு பொறுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாய் முடியும்ங்குது, மனசு முடியாதுங்குது. பொய் சொன்னா மோட்டாருக்கே தெரிஞ்சிருது" என்றார்.

பலகை மேல் போகும்போது மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். விழக்கூடாது, விழக்கூடாது, விழக்கூடாது, இதுதான் ஓடுகிறதாம். கண் எங்கே இருக்கிறது என்றேன். முன்சக்கரத்தில்தான், வேறெங்கே என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நான் மூன்று நாளும் பக்கத்திலேயே ஓடி ஓடி, பார்த்தும்மா விழுந்திடாதீங்க, விழுந்திடாதீங்க என்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவும் வெளியிலிருந்து நானும் சேர்ந்து அந்த விழுதலைத்தான் வருந்தி வருந்தி அழைத்திருக்கிறோம்.

அம்மா என்னை மறுமுனையில் போய் நிற்கச் சொன்னார். சக்கரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து வருவதாகச் சொன்னார். "விழுந்திடாதன்னு சொல்லாத. நல்லதா ஏதாச்சும் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நம் வீடுகளில் நல்லதாகச் சொல்லிப் பழக்கம் எங்கே இருக்கிறது? சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியும். மழையில் நனையாதே என்று திட்டத் தெரியும். அம்மாவைப் பார்த்து நேருக்கு நேர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. மெச்சினால் கண் பட்டுவிடும் என்ற பயம் வேறு. கடைசியில் நடந்ததைச் சொன்னேன். நடந்ததைச் சொன்னால் கண் படாது அல்லவா?

"முந்தாநாள் மூணு அடி வந்தீங்க. நேத்து நாலு அடி. இன்னிக்குக் காலையில பலகையில ஆணி துருத்திக்கிட்டு இருக்கே, அது வரைக்கும் வந்தீங்க."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டார். உண்மைதான் என்பதுபோல் தலையாட்டினார். பிறகு மோட்டாரை முடுக்கி, கடைக்குக் கிளம்புகிற மாதிரிச் சாதாரணமாக, "அந்தப் பக்கம் போயிட்டு வரேன்" என்றார். வெறுமனே போகிறேன் என்று சொன்னால் அபசகுனம், அதனால் அப்படிச் சொன்னார். பலகையில் ஏறி, ஆணியைத் தாண்டி, இரண்டு பலகையும் சேரும் இடம் வரை வந்துதான் விழுந்தார்.

விழுந்துவிட்டு எழுந்தவர் கோபப்படவில்லை. திரும்பிப் பார்த்து எவ்வளவு தூரம் என்று அளந்தார். பிறகு சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "போயிட்டு வரேன்னு சொல்றப்போ மனசு சண்டைக்கு வரல பாரு. சந்தைக்குப் போறவ, போய்ச் சேருவேனான்னா யோசிக்கிறா?" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. ஏறும் முன் நான் நேற்றுவரை நடந்ததைச் சொல்வேன். அம்மா போயிட்டு வரேன் என்பார். மழை இல்லாத மத்தியானங்களில் இருபது தடவை, முப்பது தடவை. மனதில் விழக்கூடாது என்ற பழைய பாட்டு வந்துவிட்டால் ஏறாமல் இறங்கிக்கொண்டு, வந்துட்டான்டி பழைய ஆளு என்பார். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். தினமும் வந்தான் அந்தப் பழைய ஆள். வந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். முகாமில் டை கட்டியவர் எங்களுக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஒரு தடவை கத்திவிட்டுப் போகிற காரியமில்லை அது. சோறு ஆக்குகிற மாதிரி தினமும் ஆக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மா முதல் தடவையாக முழுப் பலகையையும் கடந்து என் காலடியில் வந்து நின்றார். இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றோம். எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. நான் தினமும் உங்களைப் பற்றிச் சொல்கிறேனே, நீங்களும் என்னைப் பற்றி ஒன்று சொல்லுங்கள் என்றேன். அம்மா வாயைத் திறந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒருவரும் இல்லை, ஒரு கோழி மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது. அப்படியும் வரவில்லை. "போ, போ. பலகைய நேரா வை" என்றார்.

நான் பலகையை நேராக வைத்தேன். அம்மாவால் பலகையைக்கூடக் கடக்க முடிகிறது, என்னிடம் சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன்.

பரீட்சைக்கு டிரைவிங் ஸ்கூல் அண்ணன் வேனில் வந்து அழைத்துப் போனார். என்னை விட்டுப்போக ஆளில்லாததால் நானும் போனேன். திடலைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அங்கே இருந்த பாலம் எங்கள் பலகையைவிட நன்றாகவே அகலமாக இருந்தது. அம்மா சொன்ன ஒரு சாண் அம்மாவின் சாண். நான் அளந்தது பதினோரு வயதுப் பிள்ளையின் சாண். "அடிப்பாவி, ஒரு மாசமா என்ன கம்பி மேலயா ஓட்ட விட்ட?" என்று அம்மா சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அரை மணி கழித்து விட்டபோது பாலம் முழுக்க ஈரம். அம்மாவுக்கு முன்னால் போன இளவட்டம் ஒருவன் சறுக்கி இறங்கினான். அடுத்தவர் ஏறும்போதே காலை ஊன்றிவிட்டார். நானும் டிரைவிங் அண்ணனும் வேலிக்கு வெளியே நின்றோம். என்னால் மறுமுனைக்குப் போக முடியாது. அங்கே சீருடை போட்ட அதிகாரி ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்றார். இனி அம்மா யாரைப் பார்த்து வருவார்?

அம்மா பாலத்தருகே வந்தபோது டிரைவிங் அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார். "அக்கா, ஈரமா இருக்கு லா. பாத்து, விழுந்திடாதீங்க."

நல்ல மனிதர். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கடித்திருப்பேன். அம்மா ஏறாமல் நின்றுவிட்டார். பழைய ஆள் வந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை, கை மட்டும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தது. நான் கத்தவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே நடந்ததைச் சொன்னேன். நேற்றுப் பதினாறு தடவை முழுசா வந்தீங்க. முந்தாநாள் பதினொரு தடவை முழுசா வந்தீங்க.

அம்மாவுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. ஆனால் ஹெல்மெட் மெதுவாக நிமிர்ந்தது. மோட்டார் பாலத்தில் ஏறியது. பின்சக்கரம் ஒரு தடவை வழுக்கி நெளிந்தது. கால் இறங்கவில்லை. நேராக அதிகாரியை முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்து மறுபக்கம் இறங்கினார். அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ தெரியாது, ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

மற்றதெல்லாம் அம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தேறிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்தபோது அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். டிரைவிங் அண்ணன், மழையிலும் அக்காவுக்கு நல்ல அதிர்ஷ்டம் என்றார்.

வழக்கம்போல் ஆமாம், ஏதோ சாமி புண்ணியம் என்று சொல்லிவிட்டு அம்மா நடையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் நின்றார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். என்னைப் பிடித்து அத்தனை பேருக்கும் முன்னால் நிறுத்தினார்.

"அதிர்ஷ்டம் இல்ல தம்பி. பழகுனேன். இவதான் பழக்குனா. எம் பொண்ணு, ரொம்பக் கெட்டிக்காரி."

சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. எனக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

ஜனவரியில் அம்மா வேலையில் சேர்ந்தார், இருபத்தாறு வருடம் அந்தக் கதவைத் திறந்தார். நானும் என் பங்குக்குப் பரீட்சைகள், நேர்முகங்கள், ஆப்பரேஷன்கள் என்று நிறையப் பலகைகள் மேல் ஏறி இறங்கிவிட்டேன். பழைய ஆள் ஒவ்வொரு தடவையும் வருகிறான், உனக்கு வராது என்கிறான். அவனிடம் நான் வாதாடுவதில்லை. என் அம்மா ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்னதை நீ கேட்கவில்லை, நான் கேட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.